வின்டருக்குக் கட்டிய கோணி

அக்கா அடித்துவிட்டுத்தான் கேட்பார். கேள்வி ஒன்று இருந்தால் முதலில் முதுகில் அடி விழும், பிறகு கேள்வி வரும். பதில் சரியாக இருந்து தொலைத்தால் அடித்த அடியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அதற்கும் அவரிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. தப்பாக அடித்துவிட்டார் என்று தெரிந்தால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் அடிபட்டவர் வீட்டுக்கு ஒரு மங்குத் தட்டில் அவித்த மரவள்ளிக் கிழங்கு வரும், மேலே மிளகாய்ச் சம்பால் வைத்து. மன்னிப்பு என்று வாயால் சொல்லமாட்டார். கிழங்கு வந்தால் தப்பான அடி. வராவிட்டால் சரியான அடி. எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். கிழங்குக்காகவே சிலர் அவர் குறுக்கே போய் நின்றதாகச் சொல்வார்கள். நான் நம்பவில்லை. அந்தக் கையால் வாங்கியவன் நான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து நிற்பார் என்ற பயம் இந்த வயதிலும் எனக்குப் போகவில்லை. எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில், மலேசியாவில் காம்பாருக்கும் தாப்பாவுக்கும் இடையே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. அதாவது ஆபீஸ் எழுத்தர்களில் கடைசி ஆள். அக்கா பால்மரம் வெட்டுகிறவர், நாற்பது தாண்டியவர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் நான் பேர்ப் புத்தகத்தில் அவர் வந்த நாளில் வரவில்லை என்று எழுதிவிட்டேன். மறுநாள் மதியம் ஆபீஸ் ஜன்னலுக்குள் ஒரு கை வந்தது. மேசையில் இருந்த அந்த நீளமான புத்தகத்தையே எடுத்து என் தலையில் ஒன்று வைத்தது. பிறகுதான் முகம் தெரிந்தது.

"தம்பி, நேத்து நான் வேலைக்கு வந்தேனா, வரலியா?"

"வந்தீங்கக்கா."

"அப்பறம் ஏன் வரலன்னு எழுதுன?"

பெரிய கிராணி குனிந்து கீழே விழாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கிழங்கு வரவில்லை.

அடி அந்தத் தோட்டத்தில் புதிதல்ல. மேற்பார்க்கும் மண்டோர் அடிப்பான், புருஷன்கள் அடிப்பார்கள், வாத்தியார் அடிப்பார், கள்ளுக்கடையில் யாராவது யாரையாவது அடித்துக்கொண்டே இருப்பார்கள். அக்காவின் அடிக்கு மட்டும்தான் பின்னால் ஒரு விசாரணை உண்டு. ஒருநாள் வெட்டுக்காட்டில் மண்டோர் புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துவிட்டான். மூன்று நிரை தள்ளி வெட்டிக்கொண்டிருந்த அக்கா பால்வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி நிறைந்த வாளியை அப்படியே வீசி அவன் நெற்றியில் இறக்கினார். புருவம் பிளந்தது. பாலும் ரத்தமும் ஒன்றாக வழிந்து அவன் சட்டை நனைந்ததை அந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"அவ கையில என்ன இருக்குன்னு புடிச்சுப் பாத்த?" என்று அக்கா அதற்குப் பிறகு கேட்டார். அக்காவை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மண்டோர் வீட்டுக்குக் கிழங்கு போகவில்லை. அவன் புருவத்தில் அந்தக் கோடு கடைசிவரை இருந்தது.

அக்கா அடிக்கக் கற்றுக்கொண்டது வாங்கித்தான். பன்னிரண்டு வருஷம் புருஷனிடம் வாங்கியிருக்கிறார். முன்பல் ஒன்று பாதி இல்லை, முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி வைத்த தழும்பு. கேட்டால், "இதுவா, அவன் போட்டது" என்று ஏதோ வளையலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் பால்வாளிகளைத் தோளில் தொங்கவிட்டுத் தூக்குகிற காண்டாக் கம்பை எடுத்துத் திருப்பி அடித்தார். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. காம்பாரில் ஒரு பலகைக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். போனவன் அங்கேயே இருந்திருக்கலாம். சைக்கிள் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு தடவை திரும்பி வந்தான். இரண்டு தடவையும் எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலைக் கழுவ வேண்டியிருந்தது.

மூன்றாவது தடவை வந்தபோது வாசலில் ஈ இருந்தது. தேனீயை நாங்கள் ஈ என்றுதான் சொல்வோம். ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரைக்கு ஈ வளர்க்கும் ஆசை இருந்தது. தோட்டத்துத் தச்சனை வைத்து ஆறு பெட்டி செய்தார். ஆனால் ஈயைப் பிடிக்கப் போய்க் கடி வாங்கி, தொப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். பொந்துகளிலிருந்து வெறுங்கையால் ஈயை அள்ளிப் பெட்டியில் விட்டது அக்காதான். துரை போகும்போது பெட்டிகளையும் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தையும் அக்காவிடமே விட்டுவிட்டுப் போனார். அக்கா அவற்றை வீட்டுப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக அடுக்கினார். புருஷன் சங்கிலியோடு படியேறியபோது வலப்பக்கத்துப் பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவனுக்கு அந்த விஷம் ஆகவில்லை. முகம் வீங்கிக் கண் மூடி, மூச்சு இழுத்து, சாக்கடையில் விழுந்து கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றுமுதல் அவன் லயத்துக்கு வருவதில்லை. தோட்டத்து எல்லையில் இருந்த கள்ளுக்கடைவரை வருவான். "அந்த ஈ இருக்கா?" என்று கேட்பான். இருக்கு என்று சொன்னால் குடித்துவிட்டுத் திரும்பிப் போவான்.

"நாயி வளத்தா சோறு போடணும். இதுங்களுக்கு அதுவும் வேணாம்லா. இதுங்கதான் எனக்கு ஜாகா" என்பார் அக்கா. ஜாகா என்றால் எங்கள் பேச்சில் காவல். அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மட்டும் அவர் கை மெதுவாகப் போய்வரும் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பொய். பெட்டியையும் தட்டுவார், ஈயையும் திட்டுவார். ஈயும் அவரைக் கடிக்கும்.

ஒரு தொல்லை மட்டும் வருஷாவருஷம் இருந்தது. ஜனவரிக் கடைசியில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டும். ஆபீசில் அதற்கு வின்டர் என்று பெயர். துரைமார் வைத்த பெயர். 'வின்டர் தொடக்கம், பால் குறைவு' என்று மாத அறிக்கையில் நானே எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். வெட்டுகிறவர்களும் "வின்டர் வந்துருச்சு" என்றுதான் சொல்வார்கள். வருஷத்திலேயே கொடூரமான வெயில் அப்போதுதான். நிழல் என்று ஒன்றும் இருக்காது, காய்ந்த இலை காலடியில் நொறுங்கும், தகரக் கூரைக்குக் கீழே சட்டையைப் பிழிந்து காயப்போடலாம். எங்கள் வின்டர் அதுதான். பிறகு புதுத் துளிர் விடும்போது காம்பில் தேன் கசியும், ஈக்குக் கொண்டாட்டம். ஆனால் இலை கொட்டுகிற அந்த மாதத்தில் ஈக்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. பெட்டியை விட்டுப் பறந்துவிடும். நான் சொல்லப்போகும் வருஷத்துக்கு முந்தின வருஷம் இரண்டு பெட்டி காலி, அதற்கும் முந்தின வருஷம் மூன்று; துளிர் விட்டதும் அக்கா பொந்துகளிலிருந்து மறுபடி அள்ளி நிரப்புவார். அந்த வருஷம் புருஷன் கள்ளுக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டான்: "எல கொட்டட்டும், வாரேன்னு சொல்லு. இந்தத் தடவ கைய ஒடச்சுட்டுத்தான் போவேன்."

அக்கா துரை விட்டுப்போன புத்தகத்தோடு ஆபீசுக்கு வந்தார். அன்று அடிக்கவில்லை. மேசைமேல் மரம் வெட்டும் உளியை வைத்தார், அதன் பக்கத்தில் புத்தகத்தை வைத்தார்.

"வின்டர்ல ஈயக் காப்பாத்த என்ன செய்யணும்னு இதுல போட்டிருக்கும்லா. தொர அந்தப் பக்கத்தத்தான் எந்நேரமும் பாத்துக்கிட்டு இருப்பாரு. வாசிச்சுச் சொல்லு தம்பி."

புரட்டினேன். வின்டருக்குப் பெட்டிகளைத் தயார் செய்வது என்றே ஓர் அத்தியாயம் இருந்தது. கீழே வரிசையாக என்னென்ன செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. என் கண் உளிமேல் இருந்தது. அந்த வரிசையை மட்டும் வாசித்துத் தமிழில் சொன்னேன். சீனிப்பாகு காய்ச்சி நிறையக் கொடுக்க வேண்டும். வாசலை ஓர் ஈ நுழைகிற அளவுக்கு அடைக்க வேண்டும். பெட்டியைச் சுற்றிக் கனமாகக் கட்டி, மேலே தார் பூசியதைப் போர்த்த வேண்டும். வின்டர் முடிகிறவரை திறந்து பார்க்கக்கூடாது. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக்கூடாது.

அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தார். கடைசி ஒன்றில் நின்றார்.

"இந்த வெயில்ல சூடு எதுக்கு தம்பி?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேலையை முடித்து அனுப்பினால் போதும் என்றிருந்தது. "புத்தகத்துல போட்டிருக்குக்கா. வெள்ளக்காரன் சும்மாவா எழுதுவான்?" என்றேன்.

பள்ளியில் பனி, மழை, குளிர் என்று படித்த வின்டர் எனக்கும் தெரியும். ஆபீசில் டைப் அடித்த வின்டரும் தெரியும். ஆனால் ஈயும் பெட்டியும் தோட்டத்து விஷயம், அதனால் வின்டரும் தோட்டத்து வின்டர்தான் என்று என் மண்டை தானாக முடிவு செய்துவிட்டது. வேறு ஊர்க்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

அக்கா சொன்னபடியே செய்தார். தேத்தண்ணிக்கு வைத்திருந்த சீனியையெல்லாம் காய்ச்சி ஊற்றினார். உரக்கோணிகளைக் கிழித்து ஒவ்வொரு பெட்டியையும் மூன்று சுற்றுச் சுற்றிச் சணலால் இறுக்கினார். லாரியில் கழித்துப்போட்ட கறுப்புத் தார்ப்பாயை வெட்டி மேலே போர்த்தினார். வாசலில் மண்ணைக் குழைத்து அப்பி, ஈர்க்குச்சியால் ஒரு துளை விட்டார். தலையே இல்லாத மரங்களுக்குக் கீழே, முழு வெயிலில், ஆறு கறுப்புப் பொட்டலங்கள் நின்றன.

நான்காம் நாள் மத்தியானம் வேலையில்லாமல் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். அக்கா என்னிடமே விட்டுப் போயிருந்தார். அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம். பெட்டிமேல் முழங்கால் உயரத்துக்குப் பனி, பக்கத்தில் கம்பளிக் கோட்டுப் போட்ட ஒருவன். சட்டைப் பொத்தானைக்கூட மாட்டாமல் லயத்துக்கு ஓடினேன்.

அங்கே அக்கா பக்கத்து வீட்டுக்காரனைக் காண்டாக் கம்பால் சாத்திக்கொண்டிருந்தார். அவன் செய்த குற்றம், சைக்கிளை ஒரு பெட்டிமேல் சாய்த்து வைத்தது. விழுந்து கிடந்தவன் முட்டியில் இன்னும் ஓர் அடி போட்டுவிட்டு, "தொறக்கக் கூடாது, அசைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?" என்று கேட்டார். அவன் காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. கம்பு கையில் இருந்தது.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா வந்தேன்."

திரும்பிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் பெரிய கிராணி இருந்தார், அவர் முன்னால் எப்படி என்று நினைத்தேன். அதற்கு மறுநாள், ஈக்கு எதுவும் ஆகியிருக்காது, அது காட்டுப் பூச்சிதானே என்று நினைத்தேன். இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை ஓர் அடிக்குப் பயந்து இப்படி மூன்று நாள் ஓட்டினேன்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டிகளின் அடியிலிருந்து தேனும் மெழுகும் உருகி ஒழுகிப் படிக்கட்டில் இறங்கியது, அதன்மேல் எறும்பு. அக்கா சணலை அறுத்துக் கோணியைப் பிரித்தார். லயமே கூடி நின்றது. முதல் பெட்டிக்குள் அடைகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன, நடுவில் கறுப்பாக நனைந்த ஈக்கள். இரண்டாவதும் அப்படி. ஆறும் அப்படி. அக்கா காண்டாக் கம்பை எடுத்து ஒவ்வொரு பெட்டியாக அடித்து நொறுக்கினார். பலகைச் சில்லு பறந்து என் காலடியில் விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு உடைந்த பலகையைப் பார்த்து, "ஏன் செத்தீங்க?" என்று கேட்டார்.

மறு வாரம் கள்ளுக்கடையில் புருஷன் வழக்கம்போல ஈயைப் பற்றிக் கேட்டான். "கோசோங்" என்று யாரோ மலாயில் சொல்லியிருக்கிறான். காலி. அவன் குடிக்கக்கூட உட்காரவில்லை.

பட்டப்பகல், சாப்பாட்டு நேரம். சத்தம் ஆபீஸ்வரை வந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டுக்கு எதிரே கிணற்றடியில் இருபது பேர் நின்றார்கள். அவன் அக்காவின் காண்டாக் கம்பை எப்படியோ பிடுங்கியிருந்தான். அவர் வலது கையைப் படிக்கட்டில் வைத்து, மேலே மிதித்துக்கொண்டு, கம்பால் தோளிலும் முழங்கையிலும் இறக்கினான். ஒவ்வொரு அடிக்கும் ஈரக் குச்சி ஒடிகிற சத்தம். அக்கா அவன் காலைக் கடித்துக்கொண்டு தொங்கினார், வாயெல்லாம் ரத்தம், அது யாருடையது என்று தெரியவில்லை. நான் அந்த இருபது பேரோடு இருபத்தொன்றாவது ஆளாக நின்றேன். உள்ளே பாய்ந்து அவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்துத் தள்ளியது யார் தெரியுமா? புருவத்தில் கோடு போட்டுக்கொண்ட அந்த மண்டோர். அவனுக்கும் முதுகில் இரண்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் கால் அசைந்தது.

போலீஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அக்காவைத் தோட்டத்து லாரியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை டைப் அடித்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். துண்டால் கட்டிய கை அவர் மடியில் வேறு யாருடையதோபோலக் கிடந்தது. இடது கையால் கடிதத்தை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, புத்தகத்துல போட்ட மாதிரிதானே செஞ்சேன்?"

"ஆமாக்கா" என்றேன்.

லாரி போய்விட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. எலும்பு சேர்ந்தது, கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. மரம் வெட்ட முடியாது என்று ஆனதும் அக்கா தோட்டத்தை விட்டுப் போனார். எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்ற பயம்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போ பஸ் நிலையத்தில் ஒரு சனிக்கிழமை அவரே என்னைக் கண்டுபிடித்தார். பின்னாலிருந்து, "டேய் சின்னக் கிராணி" என்று ஒரு குரல். நான் தலையைக் குனிந்து தோளைச் சுருக்கிக்கொண்டேன், உடம்புக்கு ஞாபகம் இருந்தது. அக்கா சிரித்தார். தலை நரைத்திருந்தது. வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தார்.

"கலியாணம் ஆச்சா?"

"ஆச்சுக்கா."

"பொண்டாட்டிய அடிப்பியா?"

"இல்லக்கா."

"அடிச்சேன்னு கேள்விப்பட்டேன், பாத்துக்க. இப்ப எங்க வேல?"

"புந்தோங்லக்கா. மார்க்கெட்டு பக்கத்துல லோரி கம்பெனி."

"அட, ஞாயித்துக்கெழமைனா அங்கதான் நான் மீன் வாங்க வாரேன்."

சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பம்பளிமாஸ் பழத் தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். "நானே இப்ப ஜாகாலா" என்று சிரித்தார். பதினோரு பெட்டி ஈ வைத்திருக்கிறாராம். புருஷன் குடித்தே செத்துப்போனான் என்பதை வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அங்க எல கொட்டாது தம்பி. வின்டர் கெடையாது, சூசா இல்ல, ஒரு தொல்லயும் இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் வெளங்கல. அந்த வருசம் நான் எங்க தப்புப் பண்ணேன்? சீனி பத்தலியா? கோணி ஈரமா இருந்துச்சா? நீ வாசிச்ச மாதிரியேதான் செஞ்சேன். எத்தன ராத்திரி யோசிச்சிருக்கேன் தெரியுமா?"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். புத்தகத்து வின்டர் வேறு, அது பனி கொட்டுகிற ஊர், குளிருக்குத்தான் அந்தக் கோணி, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். அக்கா அசையாமல் கேட்டார். கை ஓங்குவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். ஓங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக முதலில் கேட்டார்.

"எப்ப தெரிஞ்சுச்சு உனக்கு?"

"நாலாம் நாளு."

"அன்னைக்கு வந்தியே."

"ஆமாக்கா."

"ஏன் சொல்லல?"

"நீங்க அடிப்பீங்கன்னு பயந்துட்டேன்."

அக்கா தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடிச்சிருப்பேன்தான்" என்றார். "அடிச்சுட்டு, கோணியப் பிரிச்சிருப்பேன்லா."

பிறகு அடித்தார். இடது கையால். அந்தக் கைக்குப் பழக்கமில்லை, பாதி கன்னத்திலும் பாதி காதிலும் விழுந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கீழே வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு தன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இருக்கவில்லை. லாரி கம்பெனி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மீன் மார்க்கெட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட வேலை செய்தவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டுக் கேலி செய்தார்கள். ஒரு வருஷம் பார்த்தேன்.

கிழங்கு வரவில்லை.